வேகவைப்பதல்ல, வெடிப்பது

அன்புள்ள மலர்,

"தங்கத் துகளை லேசரால் சூடாக்கிப் புற்றுநோய்ச் செல்லை வேகவைக்கிறார்களாமே பெரியப்பா?" என்று கேட்டிருந்தாய். கேள்வி நல்லதுதான். நீ பேசப்போகும் குமிழி முறைக்கு அந்த 'வேகவைக்கிறார்கள்' மட்டும் தப்பு. கல்லூரிக் கருத்தரங்கில் அதைச் சொல்லிவிடாதே.

50 நானோமீட்டர் தங்க உருண்டைகள் பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். பச்சை லேசர் பட்டால், சுற்றியுள்ள நீர் சும்மா இருக்க, தங்கம் மட்டும் சுடும். "100 டிகிரியில் ஆவி கிளம்பிவிடுமே?" என்பாய். அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். 50 நானோமீட்டர் ஆரமுள்ள குமிழியைப் பரப்பு இழுவிசை ஏறக்குறைய 28 வளிமண்டல அழுத்தத்தில் நெருக்குகிறது. அதை மீறிப் பிறக்க, துகளை ஒட்டிய நீர் 300 டிகிரிப் பக்கம் போக வேண்டும்.

நிதானமாகச் சூடாக்கினால் என்ன என்று கேட்காதே. சில நானோ நொடிகளிலேயே சூடு நீருக்குள் கசிந்துவிடும். அதற்குள் முடிகிற லேசர்த் துடிப்பு வேண்டும். அப்போது ஒட்டியிருக்கும் நீர் சட்டென்று ஆவியாகி வெடித்து விரியும். இப்படிப் பிறக்கும் குமிழி பெரும்பாலும் ஒரு மைக்ரோ நொடிக்குள் சுருங்கி மறையும்.

நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர் உடனே வற்றாமல் முத்து முத்தாக உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பாயே? இடையில் இருக்கும் ஆவிதான் சூட்டைத் தடுக்கிறது. இந்தக் குமிழியும் அப்படியே தங்கத்தின் சூட்டை வெளியே விடாமல் மறிக்கிறது. செல் கிழிபடுகிறது; வேகவில்லை. பக்கத்துச் செல்லுக்குச் சூடு எட்டுவதில்லை.

"நல்ல செல்லுக்குள்ளும் தங்கம் போகுமே?" போகும். ஆனால் எதிர்ப்பொருள் பூசிய துகள்களைப் புற்றுச் செல் அதிகமாக இழுத்துக் கொத்தாகச் சேர்க்கிறது. பெரிய கொத்து குறைந்த லேசர் ஆற்றலிலேயே குமிழிவிடும், தனித்துகள் விடாது. ஹூஸ்டனில், ரைஸ் பல்கலைக்கழகத்தில் திமித்ரி லபோட்கோ குழு இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்தி எலிகளில் சோதித்தது. எலிகளில், மலர்! மருத்துவமனைக்கு வந்துவிட்டது என்று சொல்லிவிடாதே.

கொல்வது மட்டுமே இதன் வேலை என்றும் நினைக்காதே. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் சிறு குமிழிகளால் செல்லுறையில் துளையிட்டு மருந்துப் பொருளை உள்ளே விடுகிறார்கள். துளை தானே மூடிக்கொள்கிறது. கிழிப்பதும் திறப்பதும் குமிழியின் அளவில் இருக்கிறது. அந்த அளவு லேசரின் கையில். ஆகவே உன் உரையில் தங்கத்தைப் பற்றி நாலு வரி குறைத்து, துடிப்பைப் பற்றி நாலு வரி கூட்டு.

அன்புடன்,
பெரியப்பா