பழைய மோட்டார் சைக்கிள் வாங்குவோர் கவனத்திற்கு: டைமிங் செயினும் டென்ஷனரும்

விடியற்காலையில் பாலைச் சங்கத்திற்குக் கொண்டு சேர்க்கவும், சந்தைக்குக் காய்கறி எடுத்துச் செல்லவும், வயலுக்கு உரமூட்டை ஏற்றிச் செல்லவும் மோட்டார் சைக்கிள் இன்று உழவர்க்கு இன்றியமையாததாகிவிட்டது. புதிய வண்டி வாங்க இயலாதோர் பழைய வண்டியை நாடுகின்றனர். அவர்களுள் வர்ணத்தையும் டயரையும் பார்ப்போர் பலர். எஞ்சினின் ஒலியைச் செவிமடுப்போர் சிலரே. இதனால் கைமுதல் வீணாக நேரிடுகிறது.

உறுப்பும் அதன் பணியும்

1985-ஆம் ஆண்டில் ஹீரோ ஹோண்டா சி.டி.100 வெளிவந்த பின்னர், சிறிய போர் ஸ்ட்ரோக் வண்டிகள் நம் நாட்டில் பெருகின. இவ்வகை எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு தலைப்பகுதியில் உள்ளது. அதனைக் கீழேயுள்ள கிராங்க் தண்டுடன் இணைக்கும் மெல்லிய சங்கிலியே டைமிங் செயின். கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது கேம் தண்டு ஒருமுறை சுழலும். எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 சுற்று ஓடினால், கேம் தண்டு வினாடிக்கு 50 முறை சுழல்கிறது.

நாளடைவில் சங்கிலி தேய்ந்து நீளும். அத்தொய்வைப் போக்க, ரப்பர் முகமுள்ள பட்டை ஒன்றைச் சங்கிலியின்மீது அழுத்தி நிற்பது டென்ஷனர். சில வண்டிகளில் இது ஸ்பிரிங்காலும், ஒருபக்கமாக மட்டும் நகரும் பற்களாலும் இயங்கும். வேறு சிலவற்றில் எண்ணெய் அழுத்தமும் துணைபுரியும். டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்தச் சங்கிலி இல்லை.

பழுதின் அறிகுறிகள்

பற்கள் தேய்ந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்தாலும், எண்ணெய் குறைந்தாலும் டென்ஷனர் தன் பிடியை இழக்கும். அப்பொழுது எஞ்சினின் ஒரு பக்கத்திலிருந்து ‘கரகர’ என்னும் ஒழுங்கற்ற ஒலி எழும். வால்வு இடைவெளி மிகுந்தால் வரும் ‘டிக் டிக்’ ஒலியோ சீரானது. இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது. தொய்ந்த சங்கிலி ஒரு பல் தாண்டிவிட்டால் வால்வுகள் திறக்கும் காலம் பிறழும். மேலும் தாண்டினால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வை மோதி வளைத்துவிடும். சிறு உறுப்பின் விலையைச் சேமிக்கப் போய், தலைப்பகுதி முழுவதையும் பிரிக்க வேண்டிய நிலை வரும்.

வாங்குமுன் சோதனை

வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்த்தல் நலம். முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஒலியை மறைப்பதற்காக முன்னரே ஓட்டி வைத்திருக்கலாம். எண்ணெயின் அளவையும் காணுங்கள். ஸ்டார்ட் செய்தவுடன் ஓரிரு நொடி கேட்டு மறையும் ஒலி பெரிதன்று. தொடர்ந்து கேட்டாலோ, ஆக்ஸிலேட்டரை விடும்போது மிகுந்தாலோ விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும். இயலாதெனில் அவ்வண்டியை விட்டுவிடுதலே நன்று.

பழுது நீக்கும் முறை

எஞ்சின் ஆறிய பின், பிஸ்டன் அழுத்த வீச்சின் மேல்முனையில் நிற்குமாறு டைமிங் குறியைப் பொருத்திய பிறகே டென்ஷனரைக் கழற்ற வேண்டும். அது வெளியே உள்ளவரை கிக்கரை மிதித்தலும் சக்கரத்தைச் சுழற்றுதலும் கூடா; சங்கிலி பல் தாண்டிவிடும். கழற்றிய டென்ஷனரின் பற்பூட்டை விடுவிக்காமல் விரலால் அழுத்துக. தண்டு உள்ளே சென்றால் பற்கள் பயனற்றவை, புதியது மாற்றுக. தண்டு ஏறக்குறைய முழுநீளமும் வெளிவந்திருந்தால் குற்றம் சங்கிலியினுடையது. அந்நிலையில் புதிய டென்ஷனர் மட்டும் பயன்தராது. சங்கிலியையும் பட்டைகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மீண்டும் பொருத்தும்போது தண்டை உள்ளிழுத்து வைத்து, புதிய பேக்கிங் இட்டு, போல்ட்டுகளை முடுக்கிய பின் தண்டை விடுவிக்க வேண்டும். பிறகு எஞ்சினைக் கையால் இரு சுற்றுச் சுற்றி, குறிகள் பொருந்துகின்றனவா எனப் பார்த்தே ஸ்டார்ட் செய்க. ஒலியை அடக்கப் போல்ட் வைத்து மிகையாக இறுக்குவோரும் உளர். இது பட்டையையும் சங்கிலியையும் விரைவில் தேய்த்துவிடும்.

பஞ்சாயத்தின் பங்கு

அண்மையிலுள்ள தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியரை ஒருநாள் வரவழைத்து, கழற்றிய எஞ்சின் ஒன்றைக் கொண்டு செயல்விளக்கம் நடத்தப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்வரலாம். நல்ல டென்ஷனரின் ஒலியையும் பழுதானதன் ஒலியையும் ஒருமுறை கேட்டறிந்த இளைஞன் ஊரார் பலருடைய பணத்தைக் காப்பான். உரிய காலத்தில் எண்ணெய் மாற்றுதலும், ஒலியைக் கேட்ட அன்றே கவனித்தலும் வண்டியின் ஆயுளை நீட்டிக்கும் எளிய வழிகளாம்.