பனிக்கட்டிக்குக் கட்டிய வீடு

எங்கள் ஆரணியில் பழைய கட்டடங்களுக்குக் குறைவில்லை. கோட்டையும் உண்டு, எஸ்.வி. நகரத்தில் ஜாகீர்தார் அரண்மனையும் உண்டு. ஆயினும் கல்விச் சுற்றுலாவில் சென்னையில் நாங்கள் கண்ட ஒரு வீடே மனத்தை விட்டு அகலவில்லை. கடற்கரைச் சாலையில், வட்ட முகப்போடு நிற்கும் விவேகானந்தர் இல்லம் அது. ஊரார் வாயில் இன்றும் அது 'ஐஸ் ஹவுஸ்'தான்.

அமெரிக்க வணிகர் பிரடெரிக் டியூடர் 1842-இல் இதனைக் கட்டினார். குளிர்காலத்தில் பாஸ்டன் நகரை அடுத்த ஏரிகள் உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றுவார்கள். ஏறத்தாழ நான்கு மாதப் பயணம்! வழியில் கரைந்தது போக எஞ்சியதைச் சேமித்து வைக்கவே இவ்வீடு. இந்தியாவிலேயே இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அந்த வாணிகம் படுத்துவிட்டது.

அடுத்து வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் இதை வாங்கினார். பனிக்கட்டிக்குக் கட்டியதில் மனிதர் வாழ்வது எளிதா? பல சன்னல்கள் வைத்தும் காற்றோட்டம் போதவில்லையாம். நீதிபதி கெர்னன் நினைவாக 'காசில் கெர்னன்' என்று பெயரிட்டார். மேலைநாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் இங்குத் தங்கினார். ஐயங்கார் மறைந்தபின் 1906-இல் வீடு ஏலத்திற்கு வந்து ஒரு ஜமீன்தாரிடம் போனது. 1917-இல் அரசு வாங்கியது.

இனி வருவதுதான் நாங்கள் சொல்ல விரும்பியது. அக்காலத்தில் பொம்மை வைத்து விளையாடும் வயதில் மணம் முடித்துவிடுவார்கள். கணவன் இறந்தால் அச்சிறுமிக்குத் தலைமுடியும் இல்லை, பள்ளியும் இல்லை, மூலைதான். அப்படிச் சிறுவயதில் கணவனை இழந்தவர் சுப்புலட்சுமி அம்மையார். ஆனால் அவருடைய தந்தையார் அவரைப் படிக்க வைத்தார். எழும்பூரில் கன்னியர் நடத்திய பள்ளியில் பயின்று, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே விதவைச் சிறுமியருக்காக எழும்பூரில் ஓர் இல்லம் தொடங்கினார். பின்னர் அந்த இல்லம் ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. மூலையில் முடங்கியவர்கள் பாடம் படித்தார்கள், ஆசிரியைகளாகவும் ஆனார்கள். 'சிஸ்டர் சுப்புலட்சுமி' என்றே அவரை எல்லோரும் அழைத்தனர்.

பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக்கிய சாரதா சட்டம் 1929-இல்தான் வந்தது. இன்று அது பதினெட்டு. ஆயினும் எட்டாம் வகுப்பு வரை எங்களோடு படித்த தோழி ஒருத்திக்குச் சென்ற ஆண்டு மணம் முடிந்துவிட்டது. அந்த வட்டச் சுவரின் கீழ் நின்றபோது எங்களில் ஒருத்தி, "அவளும் வந்திருக்கலாம்" என்றாள். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

1963-இல் அரசு இவ்வீட்டிற்கு விவேகானந்தர் பெயரைச் சூட்டியது. 1997 முதல் இராமகிருஷ்ண மடம் இதைப் பராமரிக்கிறது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த பனிக்கட்டி வீடுகள் மறைந்துவிட்டன. இது ஒன்றே எஞ்சியிருக்கிறது.