நீர்மேல் பறக்கும் கண்

நுழையும்முன்

பறவையின் பார்வையில் நிலத்தைக் காணும் விருப்பம் மனிதனுக்கு நெடுங்காலமாக உண்டு. இன்று கையடக்கமான ஒரு கருவி அவ்விருப்பத்தை நிறைவேற்றுகிறது. வயலின் மேலும் திடலின் மேலும் நிலையாகப் பறக்கும் அக்கருவி, ஏரியின் மேல் தாழப் பறக்கும்போது தடுமாறுவது ஏன்? அதற்கான காரணங்களையும் காக்கும் வழிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

நீர் சூழ்ந்த நிலம்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதிக்குத் தெற்கே அமைந்த ஊர் புதுவாயல். இவ்வட்டாரத்தில் பாயும் ஆரணியாறு கிழக்கு நோக்கிச் சென்று பழவேற்காடு ஏரியை அடைகிறது. ஒடிசாவின் சிலிகாவிற்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களிலும் இது பரந்து கிடக்கிறது. இதன் கரையில் மீனவர்கள் வாழ்கின்றனர். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து இரைதேடுகின்றன.

இத்தகைய நிலப்பகுதியில் ஒளிப்படக் கருவி பொருத்திய ஆளில்லா வானூர்தியின் பயன் பெரிது. 'ட்ரோன்' என்று வழங்கும் இக்கருவியைக் கொண்டு கரை உடைப்பையும் நீர்வழி அடைப்பையும் விரைந்து காணலாம். 2015ஆம் ஆண்டு சென்னைப் பெருவெள்ளத்தின்போது வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தேட ட்ரோன்கள் உதவின. இத்துறையை வளர்க்கும் நோக்குடன் 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு ஆளில்லா வானூர்திக் கழகம் உருவாக்கப்பட்டது. வெள்ளக்காலத்தில் உதவ வேண்டிய கருவி நீரின் மேல்தான் பறந்தாக வேண்டும். எனவே, நீரின்மேல் அதன் இயல்பு எவ்வாறு மாறுகிறது என்பதை அறிவது இன்றியமையாதது.

கருவியின் புலன்கள்

ட்ரோன் தன் இருப்பிடத்தையும் உயரத்தையும் பல உணரிகளின் வழியே அறிகிறது. செயற்கைக்கோள்களின் குறிகைகள் அதன் இருப்பிடத்தைக் காட்டுகின்றன. காற்றழுத்தமானி உயரத்தைக் கணிக்கிறது. தரைக்கு அருகில், வயிற்றுப்பகுதியில் உள்ள சிறு ஒளிப்படக் கருவியும் மீயொலி அல்லது அகச்சிவப்பு உணரியும் கைகொடுக்கின்றன.

கீழ்நோக்கிய ஒளிப்படக் கருவி, தரையிலுள்ள கல், புல், கோடு போன்ற அசையாத அடையாளங்களைத் தொடர்ந்து ஒப்பிடுகிறது. அவை பின்னோக்கி நகர்ந்தால் தான் முன்னோக்கி நகர்வதாகக் கருவி கணக்கிடுகிறது. நீர்ப்பரப்பில் அசையாத அடையாளம் ஏதுமில்லை. அலை நகரும்போது தானே நகர்ந்துவிட்டதாகக் கருதும் ட்ரோன், அதை ஈடுசெய்ய முயன்று அலையின் போக்கிலேயே இழுபட்டுச் செல்லக்கூடும். நீர் சலனமற்றிருந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. அப்போது அது கண்ணாடிபோல் வானத்தை எதிரொளிக்கிறது. கருவி நீரைக் காணாமல் மேகத்தைக் காண்கிறது. அகச்சிவப்பு ஒளியும் உணரிக்குத் திரும்பாமல் வேறு திசையில் சிதறலாம். பல ட்ரோன்களின் கையேடுகள் நீர்ப்பரப்பின் மேல் தாழப் பறத்தல் குறித்து எச்சரிப்பதற்கு இதுவே காரணம்.

காற்றழுத்தமானிக்கும் எல்லை உண்டு. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,01,325 பாஸ்கல். ஒரு மீட்டர் உயர்ந்தால் குறைவது ஏறக்குறைய 12 பாஸ்கல் மட்டுமே. வீசும் காற்றாலோ வெப்பநிலை மாற்றத்தாலோ இந்தச் சிறு அளவு எளிதில் பிறழும். நூறு மீட்டர் உயரத்தில் ஒரு மீட்டர்ப் பிழை பொருட்டன்று. ஒன்றரை மீட்டர் உயரத்தில் அதே பிழை கருவியை நீருக்கு மிக அருகில் கொண்டுசென்று ஆழ்த்திவிடக்கூடும்.

திரையில் தெரியும் உயரம் நீர்மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவதன்று என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. அது பெரும்பாலும் புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆற்றுநீருக்கு ஆறு மீட்டர் மேலுள்ள பாலத்திலிருந்து ஏவப்பட்ட ட்ரோன் நீரை ஒட்டிப் பறக்கும்போது திரையில் குறை எண்ணே தோன்றும். மாறாக, நீர்மட்டத்தை ஒட்டிய படகிலிருந்து ஏவி, உயர்ந்த கரையை நோக்கிச் செலுத்தினால், திரையில் மூன்று மீட்டர் என்று தோன்றும்போதே கரைமேட்டில் மோதக்கூடும்.

மனிதக் கண்ணின் மயக்கம்

கருவி மட்டுமன்று, மனிதக் கண்ணும் நீரின்மேல் ஏமாறுகிறது. நிலத்தில் மரம், வீடு ஆகியவற்றின் அளவைக்கொண்டு தொலைவை மதிப்பிடுகிறோம். பரந்த நீர்ப்பரப்பில் அத்தகைய அளவுகோல் இல்லை. நீரில் இறங்கும் வானூர்திகளை ஓட்டுவோர், அலையற்ற நீரில் உயரத்தைக் கண்ணால் கணிப்பது கடினம் என்பதால் அதற்கெனத் தனிப்பயிற்சி பெறுகின்றனர். வானூர்திக்குள் அமர்ந்திருப்பவருக்கே இந்நிலை எனில், நூறு மீட்டர் தொலைவில் கரையில் நிற்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

எளிய கணக்கொன்று இதைத் தெளிவாக்கும். ட்ரோன் எதிர்பாராமல் நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் தாழ்வதாகக் கொள்வோம். இரண்டு மீட்டர் உயரத்தில் பறந்தால், தவற்றை உணர்ந்து திருத்த இரண்டு நொடிகளே உள்ளன. ஐந்து மீட்டர் உயரத்தில் ஐந்து நொடிகள் கிடைக்கும். எனவே, உயரம் என்பது இயக்குபவருக்குக் கிடைக்கும் நேரமாகும்.

காக்கும் வழிகள்

முதலில் போதிய உயரத்தில் பறந்து காற்றின் திசையையும் வேகத்தையும் அறிய வேண்டும். படகின் பாய்மரம், மீன்வலை நட்ட கழி, ஆற்றைக் கடக்கும் மின்கம்பி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னரே படிப்படியாகத் தாழலாம். தாழ்ந்து பறக்கையில் விரைவைக் குறைத்தல் நன்று.

செங்குத்தாக விரைந்து இறக்குதல் கூடாது. விசிறிகள் கீழே தள்ளிய காற்றுச் சுழலுக்குள்ளேயே ட்ரோன் இறங்கினால், அதை உயர்த்தும் விசை குறைகிறது. சிறிது முன்னோக்கி நகர்ந்தவாறே இறக்குவது பாதுகாப்பானது. நீருக்கு மிக அருகில் விசிறிக்காற்று திவலைகளை எழுப்பும். பழவேற்காடு போன்ற உவர்நீர் ஏரிகளில் அத்திவலைகளிலுள்ள உப்பு இயக்கியையும் மின்சுற்றையும் அரிக்கும்.

காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, காற்றோடு திரும்புவது அறிவுடைமை. மாறாகச் சென்றால் திரும்பும் வழியில் மின்கலம் விரைந்து தீரும். மின்னாற்றல் மிகக் குறைந்தால் பல ட்ரோன்கள் தாமே இறங்கத் தொடங்கும்; கீழே இருப்பது தரையா, நீரா என்று அவை ஆராய்வதில்லை. படகிலிருந்து ஏவும்போது மற்றோர் இடர் உண்டு. 'வீடு திரும்பு' என்னும் ஆணைக்கு, புறப்பட்ட இடமே வீடு. படகு நகர்ந்துவிட்டால் ட்ரோன் வெறும் நீரை நோக்கியே திரும்பும்.

இவ்வளவுக்குப் பிறகும் ட்ரோன் நீரில் விழ நேரலாம். அதை எடுக்க எவரும் நீரில் இறங்கலாகாது. ஆந்திரத்தின் பிச்சாட்டூர் நீர்த்தேக்கம் திறக்கப்படும் காலங்களில் ஆரணியாற்றில் வெள்ளம் பெருகும். கருவியை மீண்டும் வாங்கலாம். உயிரை வாங்க இயலாது. மீட்ட ட்ரோனின் நனைந்த லித்தியம் மின்கலத்தை மீண்டும் மின்னேற்றம் செய்தல் கூடாது, அது தீப்பற்றக்கூடும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் ட்ரோன் விதிகள் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 அன்று நடைமுறைக்கு வந்தன. 250 கிராம் வரை எடையுள்ளவை 'நானோ', 2 கிலோகிராம் வரை உள்ளவை 'மைக்ரோ' எனப்படும். இணையத்திலுள்ள வான்வெளி வரைபடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களைக் காட்டுகிறது. பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரை முன்அனுமதியின்றிப் பறக்கலாம். தொலைநிலை விமானிச் சான்றிதழ் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்.

பிற உயிர்களின் வானம்

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் உள்ளது. தெற்கே துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் உள்ளன. ஆகவே, இங்கு எவ்விடத்தில் பறக்கவும் வரைபடத்தை முதலில் காண வேண்டும். பறவைகள் சரணாலயப் பகுதியில் வனத்துறையின் இசைவும் தேவை. பூநாரை நீரின்மேல் சில அடிகள் ஓடிய பிறகே வானில் எழக்கூடியது. தலைக்குமேல் இரையும் கருவிக்கு அஞ்சி ஒரு கூட்டம் எழுந்தால், இரைதேடிச் சேர்த்த ஆற்றல் வீணாகிறது. மீனவரின் படகுக்கு மேல் தாழப் பறப்பது அவரது பணிக்கும் தனியுரிமைக்கும் இடையூறாகும்.

நீரின்மேல் கருவியின் புலன்கள் குறைபடுகின்றன. அக்குறையை இயக்குபவரின் முன்னறிவும் நிதானமும் நிரப்ப வேண்டும். அழகிய காட்சிக்காக இன்று பழகும் இந்த நிதானமே, நாளை வெள்ளத்தின் நடுவே கூரைமேல் நின்று கையசைக்கும் ஒருவரைக் கண்டறிய உதவும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் ஏரி, ஆறு அல்லது குளத்தின் வரைபடம் வரைந்து, ட்ரோன் பறக்கத் தடையாக உள்ளவற்றைக் குறிக்க.
2. 'உயரம் என்பது நேரம்' – பாடக்கருத்தைக் கொண்டு விளக்குக.
3. வெள்ளமீட்புப் பணியில் ட்ரோனின் பயன்களையும் வரம்புகளையும் வகுப்பில் கலந்துரையாடுக.