செம்மண் நிலத்தில் நைட்ரேட்டை அளத்தல்

நிலத்திற்கு இடப்படும் தழைச்சத்து முழுவதும் பயிரைச் சேர்வதில்லை. எஞ்சியது எங்கே செல்கிறது என்பது குடிநீரையும் பற்றிய கேள்வியாகும்.

யூரியாவும் தொழுவுரமும் மண்ணில் முதலில் அம்மோனியமாகவும், பின்னர் நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாகவும் மாறுகின்றன. அம்மோனியம் நேர்மின்னேற்றம் உடையதாதலின் களித்துகள்கள் அதனைப் பற்றிக்கொள்கின்றன. எதிர்மின்னேற்றமுடைய நைட்ரேட்டோ நீருடன் கீழே இறங்கிவிடுகிறது. சித்தூர் மாவட்டத்துக் குப்பம் வட்டாரத்தில் காணப்படும் மணற்பாங்கான செம்மண்ணில் இவ்விறக்கம் எளிதில் நிகழும். அவ்வாறு இறங்குவது ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் அடையக்கூடும்.

நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரைப் பாலுடன் கலந்து ஊட்டியதால் கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாய்ந்ததை, 1945-இல் அமெரிக்க மருத்துவர் ஹண்டர் காம்லி எடுத்துரைத்தார். குருதியின் உயிர்வளி சுமக்கும் ஆற்றல் குன்றுவதே இதற்குக் காரணம். நீரைக் காய்ச்சுவதால் நைட்ரேட் நீங்காது. இந்தியத் தரநிலை குடிநீருக்கு விதித்துள்ள எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் ஆகும்.

2015-இல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில் தழைச்சத்தும் குறிக்கப்படுகிறது. ஆனால் அதனை நைட்ரேட்டின் அளவாகக் கொள்ளலாகாது. சுப்பையாவும் அசிஜாவும் 1956-இல் வெளியிட்ட காரப் பெர்மாங்கனேட் முறை, மண்ணிலிருந்து அம்மோனியாவாக வெளிப்படும் நைட்ரஜனையே அளக்கிறது. நைட்ரேட் அக்கணக்கில் சேர்வதில்லை. எனவே, அட்டையில் "குறைவு" என்றிருப்பினும் நைட்ரேட்டைத் தனியே அளத்தல் வேண்டும்.

அறுவடை முடிந்து, பெருமழைக்கு முன்னர், நிலத்தின் பல இடங்களில் 0–15, 15–30, 30–60, 60–90 செ.மீ. ஆழங்களில் மண் எடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆழத்து மண்ணையும் தனித்தனியே கலந்து குளிர்நிலையில் ஆய்வகத்திற்கு அனுப்புதல் நன்று. வெப்பத்தில் ஈரமண்ணை வைத்தால் நுண்ணுயிர்கள் புதிய நைட்ரேட்டை உண்டாக்கிவிடும். ஆய்வகத்தில் 10 கிராம் மண்ணை 100 மில்லிலிட்டர் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஒரு மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, வடிநீரில் நைட்ரேட் அளக்கப்படும்.

எடுத்துக்காட்டாக, மேல் 15 செ.மீ. மண்ணில் கிலோகிராமுக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் உள்ளதெனக் கொள்வோம். மண்ணின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம் எனில், ஒரு ஹெக்டேரில் அவ்வாழத்து மண்ணின் எடை 22.5 இலட்சம் கிலோகிராம். ஆகவே அதிலுள்ள நைட்ரேட்-நைட்ரஜன் 22.5 கிலோகிராம். இதனை 4.43-ஆல் பெருக்கினால் நைட்ரேட்டின் எடை கிடைக்கும். அது ஏறத்தாழ 100 கிலோகிராம்.

மேல்மண்ணைவிட அடிமண்ணில் நைட்ரேட் மிகுந்திருப்பின், வேருக்குக் கீழே கசிவு நிகழ்ந்திருக்கலாம் என ஐயுற வேண்டும். அந்நிலத்தில் அடுத்த பயிருக்கு உரத்தைக் குறைத்துப் பலமுறையாகப் பிரித்திடலும், அருகிலுள்ள கிணற்று நீரைச் சோதித்தலும் உடனே செய்யத்தக்கவை.