மீன்தொட்டிக்குப் புதிய கட்டுப்பாட்டுக் கருவி: பழையதை மாற்றும் முறை

வண்ணமீன் உற்பத்தி சிறிய இடத்தில் செய்யக்கூடிய நல்ல வருவாய்த் தொழிலாகும். சென்னைக் கொளத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் பல குடும்பங்கள் இத்தொழிலை நம்பி வாழ்கின்றன. கப்பி, மோலி போன்ற மீன்கள் வெப்பநிலை சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் தாங்கிக்கொள்ளும். டிஸ்கஸ் அப்படிப்பட்டதன்று. அதற்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் சீராக இருக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் சென்னையில் இரவு வெப்பம் 20 டிகிரி அளவுக்கு இறங்குவதுண்டு. ஆகையால் ஹீட்டரும், அதை இயக்கி நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவியும் தேவைப்படுகின்றன.

பல பண்ணைகளில் இன்னும் ஹீட்டருக்குள்ளேயே அமைந்த பழைய தெர்மாஸ்டாட்தான் இவ்வேலையைச் செய்கிறது. இப்பொழுது வெப்பத்தை எண்ணில் காட்டும் கருவிகளும், பி.எச். எனப்படும் கார அமில நிலையைச் சேர்த்து அளப்பவையும், செல்பேசிக்கு எச்சரிக்கை அனுப்புபவையும் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றுக்கு மாற விரும்பும் பண்ணையாளர்கள் விலையையும் வசதியையும் பார்ப்பதோடு, "இக்கருவி பழுதானால் என் மீனுக்கு என்ன நேரும்?" என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் இரவில் நேரக்கூடிய இழப்பு

கட்டுப்பாட்டுக் கருவியின் உள்ளே ரிலே என்னும் மின்சுவிட்சு இருக்கிறது. பல ஆயிரம் முறை இயங்கிய பின் அதன் முனைகள் தீப்பொறியால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. அப்பொழுது கருவி "நிறுத்து" என்று கட்டளையிட்டாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 200 லிட்டர் நீரில் 300 வாட் ஹீட்டர் நிற்காமல் எரிந்தால், வெப்ப இழப்பு இல்லாத நிலையில், மணிக்கு ஏறத்தாழ 1.3 டிகிரி வெப்பம் ஏறும். இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை 10 டிகிரி ஏறிவிடும். தொட்டியிலிருந்து வெளிக்காற்றுக்கு வெப்பம் போவதால் உண்மையான ஏற்றம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆயினும் 28 டிகிரியில் இருந்த நீர் 35 டிகிரியை எட்டினாலே தாய்மீன்கள் தவித்துப்போகும். மேலும் நீர் சூடாகும்பொழுது அதில் கரையக்கூடிய பிராணவாயு குறைகிறது. லிட்டருக்கு 25 டிகிரியில் 8.3 மில்லிகிராம் வரை கரையும் பிராணவாயு, 35 டிகிரியில் 7 மில்லிகிராம் அளவே கரையும். டிஸ்கஸ் மீனைத் தாய்மீனாக்க ஏறத்தாழ ஓராண்டு தீனியிட்டு வளர்க்க வேண்டியுள்ளது. அந்த உழைப்பு முழுவதும் ஒரே இரவில் வீணாகலாம்.

பழைய தெர்மாஸ்டாட்டைக் காவலாக வையுங்கள்

புதிய கருவி வந்தவுடன் பழையதைத் தூக்கி எறிவது தவறு. தெர்மாஸ்டாட் உள்ள ஹீட்டரையே புதிய கருவியின் வழியாக இணைக்கவும். புதிய கருவியில் 28 டிகிரி என்றும், ஹீட்டரின் திருகில் 30 டிகிரி என்றும் வைக்கவும். வழக்கமான நாட்களில் புதிய கருவியே ஹீட்டரை நிறுத்தும். அதன் ரிலே ஒட்டிக்கொண்டாலும் 30 டிகிரியில் தெர்மாஸ்டாட் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இரண்டும் ஒரே இரவில் பழுதாவது மிக அரிது.

ஒரு 300 வாட் ஹீட்டருக்குப் பதில் இரண்டு 150 வாட் ஹீட்டர்கள் வைப்பது மேலும் நல்லது. ஒன்று எரியாமல் போனால் மற்றது ஓரளவேனும் வெப்பம் தரும். ஒன்று நிற்காமல் எரிந்தாலும் நீர் மெதுவாகவே சூடாகும்.

சென்சாரைச் சோதித்தல்

கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தொட்டி தெரியாது. சென்சார் சொல்வதே அதற்குத் தெரியும். ஆகவே பொருத்துவதற்கு முன் சென்சாரைச் சோதிப்பது அவசியமாகும்.

1. பனிக்கட்டியை நன்றாக நொறுக்கிச் சிறிதளவு நீர் சேர்த்து ஒரு குவளையில் நிரப்பவும். அதில் உங்கள் கண்ணாடி வெப்பமானியைப் பத்து நிமிடம் வைத்துக் கலக்கவும். அது 0 டிகிரி காட்டினால் நம்பலாம்.

2. அடுத்து 28 டிகிரி அளவுள்ள வெதுவெதுப்பான நீரில் வெப்பமானியையும் சென்சாரையும் அருகருகே வைக்கவும். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் கருவியிலுள்ள திருத்த அமைப்பின் மூலம் சரிசெய்யவும்.

3. ஹீட்டருக்குப் பதில் ஒரு பல்பைக் கருவியில் இணைக்கவும். வெப்பநிலையை 28 என்றும் வேறுபாட்டளவை 0.5 என்றும் வைத்து, சென்சார் உள்ள நீரில் சிறிது சிறிதாகக் குளிர்ந்த நீர் சேர்க்கவும். 27.5 டிகிரியில் பல்பு எரிய வேண்டும். பிறகு வெந்நீர் சேர்த்தால் 28 டிகிரியில் அணைய வேண்டும். சில கருவிகள் வேறுபாட்டளவை இருபுறமும் கணக்கிடும். உங்கள் கருவி எவ்வகை என்பது இச்சோதனையில் தெரிந்துவிடும்.

4. பல்பு எரியும்பொழுது மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுக்கவும். நீங்கள் வைத்த அளவுகள் மாறாமல் கருவி தானே இயங்கத் தொடங்க வேண்டும். மின்தடைக்குப் பின் பொத்தானை அழுத்தினால்தான் இயங்கும் கருவி பண்ணைக்கு ஏற்றதன்று.

5. சென்சாரின் இணைப்பைக் கழற்றிப் பார்க்கவும். பல்பு அணைந்து, கருவி எச்சரிக்கை காட்ட வேண்டும்.

தொட்டியில் பொருத்துதல்

சென்சாரை ஹீட்டரின் அருகில் வைக்கக் கூடாது. நீர் நன்கு சுழலும் இடத்தில், பாதி ஆழத்தில் உறுதியாகக் கட்டவும். சென்சார் தொட்டியை விட்டு வெளியே விழுந்துவிட்டால் குளிர்ந்த இரவுக்காற்றை நீரென்று கருதி, கருவி ஹீட்டரை எரித்துக்கொண்டே இருக்கும். நீர் மாற்றும்பொழுது முதலில் ஹீட்டரை நிறுத்தவும். நீருக்கு வெளியே எரியும் ஹீட்டரின் கண்ணாடி வெடித்துவிடக்கூடும்.

கருவியை ஒரே நாளில் நம்பிவிட வேண்டாம். முதல் ஏழு நாட்கள் காலை 6 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 10 மணி ஆகிய வேளைகளில் கண்ணாடி வெப்பமானியைப் பார்த்து நோட்டில் குறித்து வரவும். கருவி காட்டும் அளவையும் பக்கத்தில் எழுதவும். இரண்டும் ஒத்திருந்தால் அடுத்த தொட்டிக்கு மாற்றலாம். விலை உயர்ந்த தாய்மீன் தொட்டியைக் கடைசியாக மாற்றுவதே நலம்.

காற்றுப் பம்பை இணைக்க வேண்டாம்

பல இணைப்புகள் உள்ள கருவியை வாங்கியவுடன் காற்றுப் பம்பையும் அதில் செருகிவிடும் வழக்கம் உள்ளது. ஹீட்டர் சில மணி நேரம் நின்றால் மீன் தாங்கும். மீன் நெருக்கமாக உள்ள தொட்டியில் காற்று நின்றால் தாங்காது. காற்றுப் பம்புக்குத் தனி மின்வழியும் பேட்டரி அல்லது இன்வெர்ட்டர் வசதியும் இருக்கட்டும். உயர்வகைக் கருவிகள் சிலவற்றில், மையப்பகுதி செயலிழந்தால் ஒவ்வொரு இணைப்பும் இயங்க வேண்டுமா, நிற்க வேண்டுமா என்று முன்கூட்டியே அமைத்து வைக்கலாம். அவ்வசதி இருந்தால் ஹீட்டருக்கு "நிற்க" என்றும், வடிகட்டிப் பம்புக்கு "இயங்க" என்றும் அமைக்கவும்.

கார அமில நிலை

பி.எச். அளக்கும் கண்ணாடி முனையை 7 மற்றும் 4 பி.எச். உள்ள திட்டக் கரைசல்களில் மாதம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அம்முனையை உலர விடக் கூடாது. காய்ச்சி வடித்த நீரிலும் ஊற வைக்கக் கூடாது. இம்முனைகள் நன்கு பராமரித்தாலும் ஓரிரு ஆண்டுகளே உழைக்கும். எனவே பி.எச். அளவைப் பார்க்கவும் எச்சரிக்கை பெறவும் மட்டும் கருவியைப் பயன்படுத்துங்கள். அமிலத்தைத் தானே ஊற்றும் பொறுப்பை அதனிடம் கொடுக்க வேண்டாம். முனை கெட்டுப்போனால் கருவி தவறான அளவை நம்பி அமிலத்தைக் கொட்டிவிடும்.

மின் பாதுகாப்பு

10 ஆம்பியர் ரிலே 230 வோல்ட்டில் 2,300 வாட் தாங்கும் என்பது கணக்கு. அதில் பாதியளவுக்கு மேல் சுமை ஏற்றாதிருந்தால் ரிலே நீண்ட நாள் உழைக்கும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்தவும். தொட்டியிலிருந்து வரும் ஒவ்வொரு கம்பியும் பிளக்குக்கு ஒரு சாண் கீழே தொங்கி, பின் மேலேற வேண்டும். அப்பொழுதுதான் கம்பி வழியே வரும் நீர் பிளக்கில் இறங்காமல் கீழே சொட்டும்.

நினைவில் கொள்க

கருவி வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல கண்ணாடி வெப்பமானிக்கும், மாற்றுச் சென்சார் ஒன்றுக்கும், பேட்டரிக் காற்றுப் பம்புக்கும் ஒதுக்கவும். செல்பேசிக்கு எச்சரிக்கை வந்தாலும் காலையும் மாலையும் தொட்டியைச் சுற்றி வருவதை விட்டுவிட வேண்டாம். மீன் மேலே வந்து வாய் திறப்பதையும், தீனி எடுக்காமல் மூலையில் ஒதுங்குவதையும் எந்தச் சென்சாரும் சொல்லாது. பழைய தெர்மாஸ்டாட்டைக் காவலாக வைத்து, சோதித்த பின்னரே புதிய கருவிக்கு மாறும் பண்ணையாளர்கள் இழப்பின்றி அதன் பயனை அடையலாம்.