அந்தமானுக்குக் கிளம்பும் பிள்ளைக்கு

கண்ணு, கையில் இருக்கும் கொஞ்சக் காசில் ஒரு தீவைப் பார்த்துவிட ஆசைப்படுகிறாய். நல்ல ஆசை. மாலத்தீவு, பாலி என்று படம் படமாகப் பார்த்து மலைத்துப் போயிருப்பாய். பாஸ்போர்ட், விசா, அயல்நாட்டுப் பணம் எதுவும் கேட்காமல் அதே நீலக் கடலும் வெள்ளை மணலும் அந்தமானில் இருக்கின்றன. என் தம்பி போர்ட் பிளேரில் வேலை பார்த்த காலம் தொட்டு அந்தத் தீவுகளுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன். அங்கிருந்து கடனோடு திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன், குறைந்த செலவில் மனம் நிறைந்து திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள்தான் நிறைந்து திரும்பினார்கள். அதைத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன்.

1. முதலில் உன் நாட்களை எண்ணு, பிறகு காசை எண்ணு. சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் பயணிகள் கப்பல் போகிறது. ஏறக்குறைய மூன்று நாள் கடல்வழி. பங்க் வகுப்பில் போனால் செலவு குறையும். ஆனால் தினமும் கப்பல் கிடையாது. மாதத்தில் சில முறைதான், அந்தத் தேதியும் கொஞ்சம் முன்னால்தான் தெரியவரும். ஒரு வார லீவை வைத்துக்கொண்டு கப்பலேறினால் போக வரவே லீவு தீர்ந்துவிடும். விமானம் என்றால் இரண்டேகால் மணி நேரம். நாள் நிறைய இருந்தால் போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள். கப்பலில் போவது வெறும் சிக்கனத்துக்காக மட்டும் இருக்க வேண்டாம். ஒருமுறை எனக்கு எதிர்ப் படுக்கையில் அந்தமானின் ரங்கத் ஊர்ப் பாட்டி ஒருவர், சென்னையில் கண் ஆபரேஷன் முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் கப்பல் ஆடத் தொடங்கியதும் கல்லூரிப் பையன்கள் வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டார்கள். பாட்டி ஒரு கண்ணில் பச்சைத் துணியோடு, கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்து, ஒவ்வொருவர் கையிலும் உப்பு தொட்ட எலுமிச்சைத் துண்டைத் திணித்துக்கொண்டே போனார். அவர்களில் ஒருவனையும் அவருக்கு முன்பின் தெரியாது.

2. மாதம் பார்த்துப் போ. பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, பிப்ரவரியும் மார்ச்சும் உனக்குத் தோதான மாதங்கள். கடல் அடங்கியிருக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் எல்லாம் ஏறிக் கிடக்கும். மே பின்பாதியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடும். வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊர் அது. மழைக்காலத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று பாயாதே, படகு ஓடாத நாட்களுக்கும் அறை வாடகை கொடுத்தாக வேண்டும்.

3. அகலக்கால் வைக்காதே. ஏஜென்ட் நீட்டும் பட்டியலில் ஐந்து இரவுக்குள் ஹேவ்லாக், நீல், ராஸ், பாராடாங் என்று அத்தனை தீவுகளும் இருக்கும். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு படகு டிக்கெட், இரண்டு ஆட்டோ, ஒரு அரை நாள் போகும். நான் உன் இடத்தில் இருந்தால் போர்ட் பிளேரில் இரண்டு இரவு, மற்றதெல்லாம் நீல் தீவில் என்று வைத்துக்கொள்வேன். சின்னத் தீவு. வாடகை சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். சீதாப்பூர் கரையில் சூரியன் எழும், லக்ஷ்மண்பூர் கரையில் விழும். நடுவில் காய்கறித் தோட்டங்கள், பாக்கு மரங்கள். அங்கே கடலோரத்தில் இயற்கையாக அமைந்த பாறைப் பாலம் ஒன்று உண்டு. நீர் வற்றும் நேரத்தில்தான் அதனடியில் நடந்து போக முடியும். நேரம் கேட்காமல் ஓடிப்போய், ஏறிய கடலை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த படகுக்கு ஓடியவர்கள் எத்தனையோ பேர். தங்கியிருப்பவனுக்கு அந்த அவசரம் இல்லை, அடுத்த வற்றத்துக்குக் காத்திருப்பான். பெயர்களிலும் கவனமாக இரு. 2018 முதல் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப். 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர் இருக்கும்.

4. அரசுப் படகில் ஏறு. தனியார் படகு ஒன்றரை மணி நேரத்தில் ஹேவ்லாக் சேர்க்கும், ஏசி இருக்கும். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து கிளம்பும் அரசுப் படகு இரண்டரை மணி நேரம் எடுக்கும், கட்டணமோ அதைவிடக் குறைவு. தீவுக்காரர்களுக்கு அது டவுன் பஸ். பள்ளி ஆசிரியர், கோழிக்கூடை வைத்திருக்கும் பெண், ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் கிழவர் எல்லோரும் அதில்தான் போவார்கள். அதனால் இடம் விரைவில் நிரம்பிவிடும். கவுன்டரில் இடமில்லை என்று சொன்னால் முகம் சுளிக்காதே. நீ ஊர் பார்க்கப் போகிறாய், அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள்.

5. திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு போர்ட் பிளேரில் இரு. இதை மட்டும் யார் சொன்னாலும் மாற்றாதே. காற்று கிளம்பினால் படகை நிறுத்திவிடுவார்கள், முன்னறிவிப்பு இருக்காது. ஒரு டிசம்பரில் ஹேவ்லாக் ஜெட்டியில் பார்த்தேன். மறுநாள் காலை விமானத்துக்கு டிக்கெட் வைத்திருந்த ஒரு குடும்பம், படகு இல்லை என்றதும் நிலைகுலைந்துவிட்டது. தகப்பனார் கவுன்டர் ஊழியரைப் பார்த்துக் கத்தினார், பிள்ளைகள் பயந்துபோய் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டன. அந்த ஊழியர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தன் டிபன் பாக்ஸைத் திறந்து பிள்ளைகளிடம் நீட்டினார். அந்தக் குழந்தைகளுக்கு அந்தமான் என்றால் அப்பாவின் கூச்சல்தான் நினைவுக்கு வரும் என்று எனக்கு அன்று மனசு கனத்துப்போனது. ஒரு இரவு லாட்ஜ் வாடகை கூடுதலாகப் போகட்டும் கண்ணு. கடலிடம் கோபித்துக்கொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

6. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எங்கே அளக்க வேண்டும் என்றும் தெரிந்துகொள். உன் சொகுசில் அளந்துகொள், அது உன் உரிமை. ஏசி வேண்டாம், கடல் பார்த்த அறை வேண்டாம், ஆட்டோவுக்குப் பதில் பஸ் போதும். உயிரிலும் பிறர் கூலியிலும் அளக்காதே. ஸ்கூபா போக ஆசைப்பட்டால், இருப்பதிலேயே மலிவான ஆளைத் தேடாதே. ஒரு பயிற்சியாளர் எத்தனை பேரைக் கூட்டிப் போகிறார் என்று கேள். ஒருவருக்கு ஒருவர் என்றால்தான் நீ இறங்க வேண்டும். உடல்நலப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, காதுவலி, இதயக் கோளாறு எதையும் மறைக்காமல் எழுது. கட்டிய பணம் போய்விடுமே என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள், தண்ணீருக்கடியில் அந்தப் பொய் செல்லாது. ஸ்கூபா முடிந்த பிறகு முழுதாக ஒரு நாள் போகாமல் விமானம் ஏறாதே. அந்தச் செலவு உன் கைக்கு எட்டவில்லையா? கவலைப்படாதே. கண்ணாடியும் குழாயும் வாடகைக்கு எடுத்து, ஆள் துணையோடு ஆழமில்லாத இடத்தில் மிதந்தாலே கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் ஓசை காதில் விழும். அப்புறம், இளநீர்க்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதே. படகோட்டியிடம் பேசிய கூலியை இறங்கும்போது குறைக்காதே. அவர்களுக்கு வருமானம் தருவது வருடத்தில் சில மாதங்கள்தான், மழை மாதங்களில் அவர்கள் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி உடைந்திருந்தால் வேறு கேட்டு வாங்கு, தரவில்லையென்றால் அந்தப் படகை விட்டு இறங்கிவிடு.

7. விடியலுக்கு முன் எழுந்திரு. அந்தமான் நம் ஊருக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரமோ நம் கடிகாரம்தான். ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும், மாலை ஐந்தரை மணியளவில் சூரியன் போய்விடும். எட்டு மணி வரை தூங்குகிறவன் கொடுத்த காசில் பாதியைத் தூக்கத்தில் கரைக்கிறான். ஹேவ்லாக் போனால் ராதாநகர் கரைக்குக் காலையில் போ, பெரிய மரங்களின் நிழல் மணலில் நீளமாக விழுந்திருக்கும், ஆள் இருக்காது. பஸ்ஸில் போனால், திரும்ப எப்போது பஸ் என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்.

8. உள்ளூர்க்காரர் சாப்பிடும் கடையில் சாப்பிடு. ஹேவ்லாக்கிலும் நீலிலும் பெரும்பாலான குடும்பங்கள், பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்களின் வழி. கடைத்தெருவில் சோறும் பருப்பும் மீன்குழம்பும் வயிறு நிறையக் கிடைக்கும், விடுதி உணவகத்தின் ஒரு வேளைச் செலவில் இரண்டு மூன்று வேளை ஓட்டலாம். போர்ட் பிளேரில் நம் சாப்பாடே கிடைக்கும். 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபார் மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழ் பேசுகிறவர்கள். அபர்தீன் பஜாரில் தமிழில் விலை கேட்டுப் பார். ஆனால் நம்மவர் என்று உரிமையெடுத்துக்கொண்டு தள்ளுபடி கேட்காதே. சொந்த ஊர் எது, எப்போது வந்தீர்கள் என்று கேட்டால் போதும், கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிடுவார்.

9. ஜாரவா பழங்குடி மக்களைப் பார்ப்பதற்கென்று எங்கும் போகாதே. பாராடாங் போகும் சாலை அவர்கள் காட்டின் நடுவே செல்கிறது. போலீஸ் காவலோடு வண்டிகளை வரிசையாக அனுப்புவார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது. 1956ஆம் ஆண்டிலேயே அந்தப் பழங்குடிகளைக் காக்கச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் வண்டிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனிதர்களைக் காட்சிப் பொருளாகப் பார்த்துத் திரும்பும் பயணம் நம் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாம். பாராடாங்கின் சுண்ணாம்புக் குகையைப் பார்க்காமல் வந்தால் குறைந்துபோக மாட்டாய்.

10. கடலிலிருந்து எதையும் எடுத்து வராதே. பவளத் துண்டு எடுத்து வருவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள். சட்டம் கிடக்கட்டும். நீல் தீவில் ஒரு சிறுமி அழகான சங்கு ஒன்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்திருந்தாள். அவள் அம்மா, ‘கொஞ்ச நேரம் ஆடாமல் பிடி’ என்றாள். சற்று நேரத்தில் சங்கின் வாயிலிருந்து செந்நிறக் கால் ஒன்று மெதுவாக நீண்டது, பிறகு இன்னொன்று, பிறகு மிளகு போல இரண்டு கண்கள். துறவி நண்டு. சிறுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். நீரில் இறங்கினால் பவளத்தின் மேல் கால் ஊன்றாதே, அது உயிர். 2010இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின, தேறி வருவதற்கு அவற்றுக்குக் காலம் வேண்டும். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் கணுக்கால் கூட நனைக்காதே. அதே 2010இல் ஹேவ்லாக்கில் முதலை தாக்கி ஓர் அயல்நாட்டுப் பெண் இறந்துபோனாள்.

11. போர்ட் பிளேரில், விடுதலை வீரர்களை அடைத்துவைத்த செல்லுலார் சிறைக்குப் போகும் நாளில் வேறெதையும் வைத்துக்கொள்ளாதே. 1906இல் கட்டி முடித்த ஏழு சிறகுகளில் மூன்றுதான் இன்று மிச்சம். டிக்கெட் விலை சொற்பம். ஒரு கொட்டடிக்குள் போய்ச் சற்று நேரம் தனியாக நில். படம் பிறகு எடுக்கலாம்.

12. கூட வருகிறவர்களோடு காசு பற்றிக் கிளம்பும் முன்பே பேசிவிடு. ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு ஒரு பொதுப்பை வைத்து, ஒருவர் கணக்கெழுதட்டும். தீவுகளில் ஏடிஎம் குறைவு, கையில் ரொக்கம் இருக்கட்டும். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போன பிறகு போர்ட் பிளேரில் இணையம் தேறிவிட்டது, சின்னத் தீவுகளில் நம்பாதே. டிக்கெட்டுகளைத் தாளில் எடுத்துக்கொள். அம்மாவையும் கூட்டிப் போவதாக இருந்தால் அவளுக்காக ஒரு நாளைச் சும்மா விடு. அவளுக்குக் கடலோரம் ஒரு பாயும் ஒரு டீயும் போதும். அவள் ‘எனக்கு என்னத்துக்கு’ என்று தனக்கான செலவையெல்லாம் தட்டிவிடுவாள், கேட்காமலே டிக்கெட் எடுத்துவிடு. படகேறும் பலகை ஆடும், முழங்கால் வலிக்காரிக்கு அது பெரிய தாண்டல். பைகளை முதலில் படகு ஆட்களிடம் கொடுத்துவிட்டு, உன் இரண்டு கையும் அவளுக்கு இருக்கும்படி பார்த்துக்கொள். வாந்தி மாத்திரையைக் கிளம்புவதற்கு அரைமணி முன்பே கொடுத்துவிட வேண்டும், படகில் ஏறிய பிறகு கொடுத்துப் பயனில்லை.