தொட்டிலுக்கு வைத்த கேமரா தாயைப் படம் பிடிக்கலாமா?

கேள்வி: நான் மார்த்தாண்டத்துப் பெண். கல்யாணமாகி வந்த ஊர் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் பாறசாலைக்கு அடுத்த கொல்லயில். தாய்வீட்டில் பிள்ளைபெற்று, மூன்றாம் மாதம் இங்கே வந்தேன். கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். பிள்ளை முகம் பார்க்க வேண்டும் என்று, லீவில் வந்த நண்பர் கையில் வைஃபை பேபி மானிட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். கொழுந்தன் அதை என் படுக்கையறைச் சுவரில் மாட்டினார். தொட்டிலோடு கட்டிலும் முழுசாக அதில் தெரிகிறது. பால் கொடுப்பது, துணி மாற்றுவது எல்லாம் அங்கேதான். ஆப்பின் பாஸ்வேர்டு கணவர், மாமியார், கொழுந்தன் மூவரிடமும் இருக்கிறது. "ராத்திரி பிள்ளை அழுதப்போ நீ ஏன் எழும்பல்ல?" என்று மாமி காலையில் கேட்டபோதுதான் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று புரிந்தது. கணவரிடம் சொன்னால், "என் வீடு, என் பிள்ளை, நான் வாங்கின கேமரா" என்கிறார். நான் இதை அணைத்தால் தப்பா? அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன், பிள்ளையைப் பார்க்க ஹோம் நர்ஸ் வருகிறார். அவரிடம் கேமரா இருப்பதைச் சொல்ல வேண்டுமா? பிரச்சினை பெரிதானால் கேரளத்தில் புகார் கொடுப்பதா, தமிழ்நாட்டிலா?

— வாசகி, கொல்லயில்

பதில்: அன்புச் சகோதரி, அணைக்கலாம். தப்பே இல்லை. வயது வந்த ஒரு பெண் தன் படுக்கையறையில் கேமராவுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் இந்த நாட்டில் கிடையாது. சுவிட்சை அணையுங்கள், சுவர்ப் பக்கம் திருப்புங்கள், துணி போட்டு மூடுங்கள். உடைக்க மட்டும் வேண்டாம். அவர் காசு கொடுத்து வாங்கிய பொருளை உடைத்தால், சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக எதிர்த்தரப்பு மனு எழுத நாமே இடம் கொடுத்துவிடுவோம்.

உங்கள் கணவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கடல் கடந்து கிடக்கும் தகப்பனுக்குப் பிள்ளை குப்புற விழுவதையும் சிரிப்பதையும் அன்றன்றே பார்க்க ஆசை இருக்காதா? வளைகுடாச் சம்பளத்தில் நிற்கும் எத்தனையோ வீடுகள் களியக்காவிளை முதல் நெய்யாற்றின்கரை வரை இருக்கின்றன. அங்கெல்லாம் இந்த ஆசை இருக்கும். பிள்ளைமேல் அவருக்குள்ள உரிமையை எந்த மதத்தின் குடும்பச் சட்டமும் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைமேல் உள்ள உரிமை, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் பெண்ணின் உடம்பைப் பார்த்துக்கொண்டிருக்கவும் பிறருக்குக் காட்டவும் உரிமை ஆகாது. அந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்ததுதான் உங்கள் வீட்டில் நடந்த பிழை.

"என் வீடு" என்ற வாதத்துக்குப் பதில் 2017 ஆகஸ்ட் 24 அன்றே வந்துவிட்டது. புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், தனியுரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமை ஆளோடு சேர்ந்தது, இடத்தோடு சேர்ந்தது அல்ல என்பது அதில் தெளிவாக உண்டு. வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருந்தாலும் உங்கள் தனியுரிமை உங்கள் பேரில்தான் இருக்கிறது. இருந்தாலும் அடிப்படை உரிமையை முதன்மையாக அரசுக்கு எதிராகத்தான் கேட்க முடியும். குடும்பத்துக்குள் வரும் சண்டைக்கு வேறு சட்டங்களைக் கையில் எடுக்க வேண்டும்.

உங்கள் நிலைமைக்கு மிகவும் நெருங்கிய தீர்ப்பு கல்கத்தாவிலிருந்து வந்தது. ஒரே வீட்டில் வாழும் இரண்டு சகோதரர்களில் ஒருவர், மற்றவரின் சம்மதம் இல்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் சிசிடிவி கேமரா பொருத்தினார். அது தனியுரிமை மீறல் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் சொன்னது. எதிர்த்துப் போன மேல்முறையீட்டில் தலையிட உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு மே மாதம் மறுத்துவிட்டது. கல்கத்தாத் தீர்ப்பு கேரள நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில் தைரியமாக எடுத்துக்காட்டலாம். கேரள உயர் நீதிமன்றமும் 2023-இல், எறணாகுளம் மாவட்டம் சேரானல்லூரிலிருந்து வந்த அண்டை வீட்டுக் கேமரா வழக்கில், பாதுகாப்பு என்ற பேரில் பக்கத்து வீட்டை உளவு பார்க்க விட முடியாது என்று சொல்லியிருக்கிறது.

குற்றவியல் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சம்ஹிதையின் 77-ஆம் பிரிவு, ஒரு பெண் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி இருக்கும் இடத்தில், அவளுடைய அந்தரங்கத்தைப் பார்ப்பதையும் படம் பிடிப்பதையும் பிறருக்குப் பரப்புவதையும் குற்றம் என்கிறது. மார்பு வெளித்தெரியும் நிலையும் அதில் அடங்கும். முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாத, மூன்றாண்டு வரையிலான சிறை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இந்தக் குற்றத்தை ஆண் மட்டுமே செய்ய முடியும் என்று இருந்தது, புதிய சட்டம் "யாராக இருந்தாலும்" என்று மாற்றியிருக்கிறது. ஆகவே "மாமியாரும் பெண்தானே" என்ற சமாதானம் செல்லாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் உண்டு. அனுமதியில்லாமல் ஒருவரின் அந்தரங்க உறுப்பைப் படம் பிடித்தால், அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உங்கள் வழக்கின் பலவீனம் ஒன்று இருக்கிறது, சகோதரி. கேமரா இருப்பது உங்களுக்குத் தெரியும். "தெரிந்துதானே அதன் முன்னால் இருந்தாள், சம்மதம்தானே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே கேட்பார். இதற்குச் சட்டத்திலேயே விடை உண்டு. படம் எடுக்கச் சம்மதித்து, மூன்றாம் ஆளுக்குக் காட்டச் சம்மதிக்காத பெண்ணின் படத்தைப் பரப்பினால் அதுவும் குற்றம் என்று 77-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. கணவர் பார்க்க நீங்கள் சம்மதித்திருக்கலாம், கொழுந்தன் பார்க்க எப்போது சம்மதித்தீர்கள்? ஆனால் வாய்ப்பேச்சை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கஷ்டம். அதனால் எழுத்தில் சொல்லிவிடுங்கள். கணவருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போதும்: "பிள்ளையை நீங்கள் பார்க்க எனக்குச் சம்மதம். கேமரா தொட்டிலை மட்டும் பார்க்க வேண்டும். உங்களையும் என்னையும் தவிர யாரிடமும் பாஸ்வேர்டு இருக்கக் கூடாது. கட்டில் தெரியும்படி வைப்பதற்கும் பதிவு செய்வதற்கும் எனக்குச் சம்மதம் இல்லை." தேதியோடு அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகும் கேமரா கட்டில் பக்கம் திரும்பினால், சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவர் ஷார்ஜாவில் இருப்பது பாதுகாப்புக் கவசம் ஆகாது. கேமரா கொல்லயில் வீட்டில் இருக்கிறது, படம் இங்கே எடுக்கப்படுகிறது. இந்தியாவில் உள்ள கணினிக் கருவியைத் தொட்டு வெளிநாட்டிலிருந்து செய்யும் குற்றத்துக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு பொருந்தும். ஐக்கிய அரபு அமீரகத்திலும் பிறர் அந்தரங்கத்தைக் கருவி வழியாக மீறுவதற்கு 2021-ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டத்தில் சிறைத்தண்டனை உண்டு என்பதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அங்கே வேலை பார்க்கிறவருக்கு அந்தச் சட்டங்களின் கடுமை தெரிந்திருக்கும்.

காலையில் மாமி கேட்ட கேள்விக்கு வருகிறேன். இரவில் நீங்கள் எழுந்தீர்களா, எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று கணக்குப் பார்க்கப் பிள்ளைக் கேமராவைப் பயன்படுத்துவது, பிள்ளைபெற்ற உடம்போடு இருக்கும் பெண்ணை ஓயாமல் விசாரணையில் வைப்பதற்குச் சமம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனரீதியான கொடுமையையும் வன்முறை என்கிறது. அதில் கேமரா என்ற சொல் இல்லை, ஆனால் இந்த நடத்தையை அதன்கீழ் கொண்டுவந்து, கேமராவை எடுக்கச் சொல்லிப் பாதுகாப்பு உத்தரவு கேட்க முடியும் என்பது என் கருத்து. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருப்பதால், புகார் கொடுத்தால் இறக்கிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி யாராவது உங்களிடம் பேசக்கூடும். தனிமனிதர் தன் வீட்டுத் தேவைக்குச் செய்யும் காரியத்துக்கு அது பொருந்தாது. அதைக் காட்டி "வீட்டுக்குள் எதுவும் செய்யலாம்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். அந்த ஒரு சட்டத்திலிருந்துதான் விலக்கு, மேலே சொன்ன எதிலிருந்தும் இல்லை. படத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அந்த விலக்கும் கிடையாது, அதற்கான முழுக் கடமைகள் 2027-இல் நடைமுறைக்கு வருகின்றன.

ஹோம் நர்ஸிடம் கட்டாயம் சொல்லுங்கள். வேலைக்குச் சேரும் முன்பே, எந்த அறையில் கேமரா இருக்கிறது, குரலும் பதிவாகிறதா, யார் பார்ப்பார்கள் என்று மலையாளத்திலோ தமிழிலோ எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் தூங்கும், துணி மாற்றும், குளிக்கும் இடத்தில் கேமரா கூடவே கூடாது. பிள்ளை தொட்டில் அருகிலேயே அவர் படுப்பதாக இருந்தால், உங்களுக்கு நேர்ந்த அதே சங்கடம் அவருக்கும் நேரும். நீங்கள் படும் பாட்டை இன்னொரு பெண்மேல் ஏற்றாதீர்கள். பிள்ளையை அவர் அடித்ததாகவோ பட்டினி போட்டதாகவோ படத்தில் தெரிந்தால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை தண்டனை உள்ள குற்றம் அது. அந்தப் பதிவை அழிக்காமல் காவல் நிலையத்தில் கொடுங்கள். குடும்ப குரூப்பில் போடாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்க, பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை, அதைத் தயாரிக்க வக்கீல் உதவுவார்.

இனி, வீட்டாருக்கு வெளியே இருக்கும் ஆபத்து. வீட்டுப் பாதுகாப்புக்கும் குழந்தையைக் கண்காணிக்கவும் என்று அமெரிக்க நிறுவனம் ஒன்று விற்ற கேமராக்களின் நேரடிக் காட்சிகள் 2012-இல் இணையத்தில் யாரும் பார்க்கும்படி வெளியாயின, ஏறக்குறைய 700 கேமராக்கள். தொட்டிலில் தூங்கும் குழந்தைகளை ஊர் பேர் தெரியாதவர்கள் பார்த்தார்கள். டிரெண்ட்நெட் என்ற அந்த நிறுவனத்தின்மேல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2013-இல் நடவடிக்கை எடுத்தது. நம் நாட்டில் 2025 பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட்டில் உள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனைக் கேமராவில் பதிவான பெண்களின் படங்கள் டெலிகிராமில் விலைக்குப் போயின. பரிசோதனை அறையில், ஊசி போடும்போது எடுத்த படங்கள். மருத்துவமனைக்கே அந்தக் கதி என்றால், ஒரே பாஸ்வேர்டை மூன்று போனில் வைத்திருக்கும் வீட்டின் நிலை என்ன?

கருவி வேண்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டால், கேமராவைச் சுவரிலிருந்து இறக்கித் தொட்டிலுக்கு மேலே, கட்டில் அதன் முதுகுப் பக்கம் வரும்படி வையுங்கள். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டையும் வைஃபை பாஸ்வேர்டையும் இன்றே மாற்றி, ஓடிபி கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். கிளவுடில் சேமிப்பதை அணைத்துவிடுங்கள். இணையமே இல்லாமல், தனித் திரையோடு வரும் மானிட்டரும் கடையில் உண்டு. அதில் ஷார்ஜாவிலிருந்து பார்க்க முடியாது, ஆனால் தகப்பன் தினமும் வீடியோ கால் செய்யலாமே. சட்டத்தில் சேராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மானிட்டரின் வயர் தொட்டிலிலிருந்து மூன்றடிக்கு மேல் தள்ளியே இருக்கட்டும். வயர் கழுத்தில் சுற்றி அமெரிக்காவில் இரண்டு குழந்தைகள் இறந்த பிறகு, 2011-இல் ஒரு நிறுவனத்தின் 17 லட்சம் மானிட்டர்களுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்தது.

எங்கே புகார் கொடுப்பது என்று கேட்டீர்கள். எல்லையோர வாழ்க்கை இதில் உங்களுக்கு உதவுகிறது. பாரதிய நாகரிக சுரக்ஷா சம்ஹிதையின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பாறசாலையில் கொடுக்கலாம், தாய்வீட்டில் இருக்கும்போது மார்த்தாண்டத்திலும் கொடுக்கலாம், அவர்கள் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். 77-ஆம் பிரிவுப் புகாரைப் பெண் காவலர்தான் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்துக்கும் போகலாம் என்பதால், நெய்யாற்றின்கரை, குழித்துறை இரண்டும் உங்களுக்குத் திறந்தே இருக்கின்றன. படம் ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். 1930 என்ற எண்ணை அழையுங்கள், தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரைப் பதியுங்கள். சமூக வலைத்தளங்கள் இத்தகைய படங்களைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021 விதிகள் சொல்லியிருந்தன, 2026-இல் வந்த திருத்தம் அதை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டது.

இன்றைக்கு நான் சொல்வது வழக்குப் போடுங்கள் என்று அல்ல. கேமராவைத் திருப்புங்கள், அந்தச் செய்தியை அனுப்புங்கள், மூன்று நான்கு நாள் பாருங்கள். கணவர் கேட்டுக்கொண்டால் நல்லது. கேட்காவிட்டால் நெய்யாற்றின்கரை தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே வக்கீலை இலவசமாக அமர்த்தித் தருவார்கள்.